காருக்கு ஏன் இந்தத் தாகம்?

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இருந்தால் இதை அவசியம் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள். என்றைக்காவது ஒரு நாள் யாருடைய காரிலாவது ஏறத்தானே போகிறீர்கள்?

"காரைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும்?" என்று எங்கள் வீட்டுக்காரர் இப்போதே கேட்டுவிட்டார். மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தால், "ஒன்றும் தெரியாது" என்று ஒப்புக்கொண்டிருப்பேன். ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், கதவை ஓங்கிச் சாத்திவிட்டு இவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் காரின் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்கு வழி சொன்னது யார் தெரியுமா? அடியேன்தான்! எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மே மாதம். கும்பகோணத்தில் என் தங்கைக்கு வளைகாப்பு. முதல் வளையலை நான்தான் போட வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விடியற்காலையில் மாம்பலத்திலிருந்து காரில் புறப்பட்டோம். இவர், நான், என் மாமியார், ஏழு வயதுப் பெண். என் மடியில் கண்ணாடி வளையல் பெட்டி.

செங்கல்பட்டைத் தாண்டியதும் பெண் மூக்கை உறிஞ்சினாள். "அம்மா, யாரோ வெல்லப் பாகு காய்ச்சுகிறார்கள்!" என்றாள். பசிக்கிறது என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று நினைத்து, ஒரு முறுக்கை எடுத்துக் கையில் கொடுத்தேன். அந்த முறுக்குக்காக நான் பிற்பாடு ரொம்பவும் வருத்தப்பட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும், உஷ்ணத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர ஆரம்பித்தது. இவர் உடனே ஏ.ஸி.யை நிறுத்தினார். முள் இறங்கிற்று. "பார்த்தாயா!" என்று என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் முள் மறுபடியும் ஏறிவிட்டது. மதுராந்தகம் பக்கத்தில் ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்தினோம். முன்பக்கத்திலிருந்து 'புஸ்' என்று ஆவி வந்தது.

இவர் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

"நில்லுடா!" என்று ஒரு சத்தம். என் மாமியார்தான். "குக்கர் கொதித்துக்கொண்டிருக்கிறபோது மூடியைத் திறப்பாயாடா நீ?"

இவர் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சத்தம்தான் அன்றைக்கு இவர் முகத்தைக் காப்பாற்றியது என்பதை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். கார் என்ஜினும் குக்கர் மாதிரிதான். மூடியிருக்கிற பாத்திரத்தில் அழுத்தம் சேரச் சேர, தண்ணீர் கொதிக்கும் உஷ்ணமும் ஏறுகிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட்டைப் போல அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விட்டுப்போகிறது. உள்ளே இருப்பது அப்படியே கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கிறது. துண்டு தாங்காது; தோலும் தாங்காது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். "ஏரி காத்த ராமர் இந்தக் காரையும் காக்கட்டும்" என்று மாமியார் மதுராந்தகத்துப் பெருமாளை வேண்டிக்கொண்டார். நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே பாதிகூட இல்லை! நாங்கள் குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீரையெல்லாம் கார் குடித்தது. அதற்கு மேல் அங்கங்கே நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மாட்டு வண்டி வேகத்தில் கும்பகோணம் போய்ச் சேர்ந்தோம். முதல் வளையல் போட வேண்டியவள் கடைசி வளையல் போட்டேன். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஓட்டையா? எங்கே ஓட்டை?

ஊர் திரும்பியதும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டோம். "கூலன்ட் குறைந்திருந்தது, நிரப்பிவிட்டோம்" என்று பில் கொடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடியும் குறைந்தது. திரும்பப் போனதும், தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லையென்று பார்த்துவிட்டு, "அப்படியானால் ஹெட் காஸ்கெட்தான். என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த தொகையைப் பார்த்ததும் இவருக்கு என்ஜினைவிட ஜாஸ்தியாகச் சூடேறிவிட்டது.

"இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எங்கள் அப்பாவின் அம்பாஸிடருக்குத் தினம் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவோமே! கார் என்றால் தண்ணீர் குடிக்கத்தான் குடிக்கும்" என்றார் மாமியார்.

அம்பாஸிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. அதன் காலத்து வழக்கம் இன்றைய கார்களுக்குப் பொருந்தாது. இப்போது வரும் கார்களில் குளிர்விக்கும் ஏற்பாடு முழுவதும் மூடப்பட்டது. சூடாகும்போது விரிகிற திரவம் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் தொட்டிக்குப் போகிறது. ஆறியதும் திரும்பி வந்துவிடுகிறது. மாதா மாதம் தண்ணீர் ஊற்றும்படி இருக்கிறதென்றால், எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

அந்தத் திரவம் வெறும் தண்ணீர் அல்ல. தண்ணீரும் எதிலீன் கிளைக்கால் என்ற திரவமும் பெரும்பாலும் சரிபாதியாகக் கலந்தது. கூடவே துருப் பிடிக்காமலிருக்க மருந்துகள். இதைத்தான் கூலன்ட் என்கிறார்கள். "பனி உறையும் தேசத்துக்கு அது வேண்டும், நம் மெட்ராஸ் வெயிலுக்கு எதற்கு?" என்று நானும் கேட்டேன். துரு அரிக்காமல் பாதுகாக்கிறது. கொதிக்கிற உஷ்ணத்தையும் உயர்த்துகிறது. இரண்டும் நமக்குத் தேவையானவைதானே?

பெட்ரோல் எரிந்து உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் திரவம்தான் சுமந்துகொண்டு போகிறது. ஒரு பம்ப் அதை என்ஜினுக்குள் தள்ளுகிறது. உள்ளே சுற்றிச் சூடாகி, ரப்பர்க் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, மறுபடியும் உள்ளே போகிறது. இந்த வழியில் எத்தனை இணைப்புகளோ அத்தனையிலும் ஒழுகலாம். அதனால்தான் தேடுவது கஷ்டம்.

பால் கணக்கு

அன்றைக்கு இரவு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பால்காரர் அளவில் சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சண்டையா போடுகிறோம்? முதலில் ஒரு வாரம் காலண்டரில் குறித்துப் பார்க்கிறோம் அல்லவா? காருக்கும் அதையே செய்தால் என்ன?

மறுநாள் காலை, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்தேன். அதன் பக்கத்திலேயே மேல் கோடு ஒன்று, கீழ்க் கோடு ஒன்று போட்டிருக்கிறார்கள். திரவம் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இருந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். காரின் அடியில் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தேன். தினமும் அதே நேரத்தில், ஆறிய என்ஜினில்தான் அளவு. சூட்டில் பார்த்தால் திரவம் விரிந்து, கணக்கே பொய்யாகிவிடும்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, அளவு குறையவில்லை. புதன்கிழமை இவர் ஆபீஸ் வேலையாக ஸ்ரீபெரும்புதூர் போய் வந்தார். மறுநாள் காலையில் அரை விரற்கடை குறைந்திருந்தது. வியாழக்கிழமை கார் நகரவே இல்லை, அளவும் நகரவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் ஸ்ரீபெரும்புதூர். மறுபடியும் அரை விரற்கடை!

அட்டையிலோ நிறமே இல்லாத ஈரம் ஒன்றுதான். "இதோ ஒழுகுகிறது!" என்று இவர் குதித்தார். தொட்டு முகர்ந்து பார்த்தேன். வாசனையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. அது ஏ.ஸி. போட்டால் சொட்டுகிற சாதாரணத் தண்ணீர்! எத்தனையோ பேர் இதைப் பார்த்து வீணாகப் பயப்படுகிறார்கள். கூலன்டுக்குப் பச்சை, ரோஸ், நீலம் என்று ஏதாவது ஒரு நிறம் இருக்கும். விரலில் லேசாக வழுக்கும். வாசனை தித்திப்பாக இருக்கும்.

தித்திப்பு வாசனையா? எனக்குச் சுரீர் என்றது. செங்கல்பட்டில் பெண் சொன்ன வெல்லப் பாகு!

சொட்டு அகப்பட்டது

காலண்டர்த் தாளைக் கிழித்துக்கொண்டு, எங்கள் தெருக்கோடியில் சின்ன ஷெட் வைத்திருக்கும் வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணக்கை இரண்டு முறை படித்தார்.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான்."

"பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்களே! நின்றால் ஒழுகவில்லை, சின்ன ஓட்டத்துக்கும் ஒழுகவில்லை. தூரம் ஓடி, சூடும் அழுத்தமும் ஏறினால்தான் ஒழுகுகிறது. காரை ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். காலையில் ஆறினதும் பார்க்கலாம்."

காலையில் போனோம். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கருவியைப் பொருத்தினார். அதில் கடிகாரம் போல ஒரு முள். மூடியில் எவ்வளவு அழுத்தம் என்று பொறித்திருக்கிறதோ அவ்வளவுதான் அடிக்க வேண்டுமாம். ஜாஸ்தி அடித்தால் நல்ல குழாயும் கெட்டுப்போகும். என்ஜினைச் சூடாக்காமலே, ஓடும்போது உண்டாகும் அழுத்தத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். கை சுடாமல் நிதானமாகத் தேடலாம். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

முள் மெல்ல மெல்ல இறங்கிற்று. ஒழுகுகிறது, சந்தேகமில்லை. டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு, குழாய்களின் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தொட்டியின் தையல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன் சீட்டின் கால் விரிப்பைக்கூடத் தடவிப் பார்த்தார். கார் உள்ளே சூடு கொடுக்கும் சின்ன ரேடியேட்டர் ஒழுகினால் விரிப்பு ஈரமாகும். உள்கண்ணாடியில் பிசுக்கான ஆவி படியுமாம். எங்கள் விரிப்பில் முறுக்குத் தூள்தான் இருந்தது.

கடைசியில் காரின் அடியிலிருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். அதில் ரோஸ் நிறத்தில் காய்ந்துபோன பொருக்கு! இத்தனை நாளும் ஒழுகியதைத் தரைக்கு விடாமல் அந்தத் தட்டு தாங்கியிருக்கிறது. மீதி, சூடான என்ஜினில் பட்டு ஆவியாகிப் போயிருக்கிறது. அந்த ஆவிதான் வெல்லப் பாகு வாசனை. பொருக்குக்கு நேர் மேலே டார்ச்சைத் திருப்பினார்.

"இதோ பாருங்கம்மா."

தண்ணீர்ப் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துவாரம். அதன் வாயில் ரோஸ் நிறச் சொட்டு ஒன்று பெரிதாகிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டியது.

"துவாரம் விழுந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"விழவில்லை அம்மா. கம்பெனியிலேயே வேண்டுமென்று வைத்தது. பம்ப்புக்குள் ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் இந்த வழியாக வெளியே வந்துவிடும். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று பம்ப் சொல்கிற வாய் இதுதான். நாம்தான் காது கொடுப்பதில்லை."

எனக்கு முறுக்கு ஞாபகம் வந்தது.

"அப்படியானால் ஹெட் காஸ்கெட்?" என்று இவர் தயங்கிக் கேட்டார்.

அது என்ஜினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே வைத்து இறுக்கியிருக்கும் மெல்லிய தகடு. அது பழுதானால், எரிந்த வாயு தண்ணீரில் கலக்கும். தண்ணீர் எண்ணெயில் கலக்கும். சூடான பிறகும் பின்புறக் குழாயில் தித்திப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வரும். எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி ஆகிவிடும். மெக்கானிக் அதையும் சோதித்துக் காட்டினார். நீல நிறத் திரவம் ஒன்றை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, என்ஜினை ஓடவிட்டு, மேலே வரும் காற்றை அதன் வழியே இழுத்தார். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். நீலம் நீலமாகவே இருந்தது. என்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை!

புதுப் பம்ப், புதுக் கூலன்ட், உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவது எல்லாம் சேர்த்தும், ஒர்க்‌ஷாப் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

நீங்கள் மறக்கக்கூடாதவை

முள் ஏறினால் ஏ.ஸி.யை நிறுத்துங்கள். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிடுங்கள். உடனே நிறுத்த இடமில்லாவிட்டால் ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்புங்கள். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும். ஆனால் என்ஜினின் சூடு கொஞ்சம் குறையும். "இன்னும் பத்து நிமிஷம்தானே, போய்விடலாம்" என்று மட்டும் ஓட்டாதீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ஜினின் அலுமினியத் தலை வளைந்துவிடலாம். பிறகு நிஜமாகவே ஹெட் காஸ்கெட்தான்!

ஏறியிருந்த முள் காரணமில்லாமல் திடீரென்று இறங்கிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே திரவமே இல்லாமல் போனாலும் முள் பொய் சொல்லும்.

நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம். ஆறிய பின் அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம். வீடு திரும்பியதும் உங்கள் காரின் புத்தகத்தில் சொல்லியிருக்கும் கூலன்டுக்கு மாற்றிவிடுங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வகையைக் கலக்காதீர்கள். நிறத்தை வைத்து வகையைச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. கூலன்டின் தித்திப்பு, விஷத் தித்திப்பு. உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தரையில் சிந்தினால் உடனே கழுவுங்கள். மீதியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தப்பித்தவறி வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாய், பூனைகளுக்கும் இதே ஆபத்துதான்.

பம்ப் மாற்றிய பிறகும் பத்து நாள் காலண்டரில் எழுதினேன். கோடு போட்ட இடத்தை விட்டு அளவு அசையவில்லை. போன வாரம் இவர் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஸார், கூலன்ட் குறைந்தால் உடனே பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் குறுக்கே பேசவில்லை. நல்ல விஷயம் நாலு பேருக்குத் தெரிந்தால் சரிதான்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தொட்டில் போடுகிற நாளுக்கு மறுபடியும் காரிலேயே கும்பகோணம் போனோம். மதுராந்தகத்தில் அதே புளியமரத்தடியில் நிறுத்தினோம். இந்தத் தடவை கட்டுச்சோறு சாப்பிடுவதற்காக. முள் நடுவில் அசையாமல் நின்றிருந்தது. எல்லோருக்கும் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். காருக்கென்று கொண்டுபோயிருந்த தண்ணீரை நாங்களே குடித்தோம்.